மூன்றாம் நம்பர் வாய்

ஆகஸ்ட். பஹ்ரைனில் ஹித் பக்கம்
இரவு இரண்டு மணிக்கும் கடல்
ஆறிப்போன டீயின் சூட்டில் இருக்கிறது.
பம்பை நிறுத்தியிருக்கிறார்கள். நாலு மணி நேரம் பெர்மிட்.
ஊர் குடிக்கப்போகும் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்குள்
நானும் ஹமீது சுல்தானும் இறங்குகிறோம்,
கம்பிகளில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட.

விளக்கில் முதலில் தெரிந்தது குப்பைதான்.
உடைந்த குழாய்க்கு முன்னால் நண்டு ஓடுகள், காலி மட்டிகள்.
யாரோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்;
இலையை எடுக்கவில்லை.
ஒரு மட்டியைத் திருப்பினேன். முதுகில்
ஊசி போன அளவு ஓட்டை.
திறக்கமாட்டேன் என்றிருக்கிறது மட்டி.
துளை போட்டு, எச்சிலில் விஷம் விட்டு,
தானாகவே திறக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

தேட வேண்டியிருக்கவில்லை.
துருப்பிடித்த சுவரில் துருவாக இல்லாத ஒரே இடம்
கண்.
அதற்குள் படுக்கை வாட்டில் ஒரு கருங்கோடு.

பேய்க்கணவாய் என்போம் எங்கள் கரையில்.
பேய் ஒன்றும் செய்யவில்லை.
ஒரு கையை அனுப்பியது
(மற்ற ஏழுக்கும் சொல்லிவிட்டு அனுப்பியதா, தெரியாது),
என் கையுறையை விரல் விரலாக ருசி பார்த்தது.
தொடுவதும் சுவைப்பதும் அதற்கு ஒரே வேலை.
ரப்பர்.
விட்டுவிட்டது.

ஹமீது என் தோளைத் தட்டி விளக்கைத் திருப்பினான்.
கம்பிக்கு அடியில் நீலக்கால் நண்டு ஒன்று
கொடுக்கை உயர்த்திக்கொண்டு பின்வாங்கியது.
கணவாய் பாயவில்லை. நடந்தது.
வேகமாக நீந்தினால் மூன்று இதயங்களில்
பெரியது நின்றுவிடுமாம்,
பயிற்சியில் எகிப்துக்காரர் சொன்னார்.
அவரும் மெதுவாக நடக்கிறவர்தான்.
கல்லில் கல்லாக, பாசியில் பாசியாக,
போகிற வழியெல்லாம் தோலை மாற்றிக்கொண்டு போய்
குடைபோல் விரிந்து
நண்டையும் அது நின்ற பள்ளத்தையும் சேர்த்து மூடியது.
உள்ளே என்ன நடந்ததோ,
குடையின் ஓரங்கள் மட்டும் துடித்தன.

எனக்கு இன்னும் பதினொரு கம்பி பாக்கி.
அது வீடு திரும்பியதும் சுரண்டியைக் குழாயருகே கொண்டுபோனேன்.
பிடித்துக்கொண்டது.
இழுத்தேன். இழுத்தது.
சம்பளம் வாங்குகிறவன் நான், இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
சட்டென்று வெளுத்தது, உடம்பு முழுக்க, காகிதம்போல.
அப்புறம் கறுப்பு.
அதன் அளவில், ஏறக்குறைய அதன் வடிவத்தில்
ஒரு கறுப்பு என் முகத்துக்கு நேரே தொங்கியது.
அதைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு கையாலும் தடுத்துக்கொண்டு.
மை கலைந்தபோது அதில் ஆள் இல்லை.
எட்டுக் கையையும் ஒரே சடையாக்கி
தண்ணீரைப் பீச்சிப் பின்பக்கமாய்
எப்போதோ போயிருந்தது.
சுரண்டியையும் காணோம்.

மேலே வந்தோம். ரோனெல் கிரேனை இறக்கினான்,
நாலுக்குப் பம்பு ஓடத் தொடங்கியது.
ஸ்டோர் சதானந்தன் நோட்டைத் தள்ளினான்:
ஒன்று குறைகிறதே, யாரிடம் கொடுத்தாய்?
சொன்னேன்.
சிரித்துவிட்டு
ஒன்றரை தினார் பிடித்துக்கொண்டான்.

நாற்பது நாள் ஓடியது பம்பு.
அந்த இழுப்பில் ஜெல்லிமீன் கூழாகும்,
கயிறு நாராகும். இருக்காது என்றான் ஹமீது,
கண்ணாடியில் எச்சில் தடவிக்கொண்டே.

குழாயின் வாயில் கல் அடுக்கியிருந்தது,
வெளியே போனவர்கள் திரும்பி வந்து
உள்ளிருந்து சாத்திக்கொண்டதுபோல.
கற்களுக்குக் குறுக்கே, தாழ்ப்பாளாக, என் சுரண்டி.
பிடியில் எம்-பதினேழு என்று
கம்பெனி அடித்த நம்பர் அழியவில்லை.
மேல் சந்தில்
அந்தக் கருங்கோடு, படுக்கை வாட்டில்.

இடுப்பில் புதுச் சுரண்டி இருந்தது.
அடுத்த கம்பிக்கு நகர்ந்தேன்.